அம்மாவின் சேலைகளில் போர்வை தைப்பது: முழுமையான வழிகாட்டி

பீரோவைத் திறந்தால் அம்மாவின் சேலைகள். எடுத்துக் கட்டவும் கை வரவில்லை, யாருக்காவது கொடுக்கவும் மனம் வரவில்லை. அந்த நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் அம்மாவின் ஒன்பது சேலைகளிலிருந்து ஒரு போர்வை தைத்தேன். அப்புறம் தெரிந்தவர்கள் ஆறேழு பேர் தைத்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தைக்கத் தெரியாததால் யாரும் சிக்கிக்கொள்ளவில்லை. நேராக ஒரு தையல் போடத் தெரிந்தால் போதும். எல்லோரும் தடுமாறியது ஒரே இடத்தில்தான்: கத்தரிக்கோலைச் சீக்கிரம் எடுத்துவிட்டார்கள். இங்கே அது ஆறாவது படியில்தான் வரும்.

அப்பாவின் சட்டை, பாட்டியின் நூல் சேலை, தாத்தாவின் துண்டு, எதற்கும் இதே வரிசைதான்.

கையில் இருக்க வேண்டியவை

நல்ல கூர்மையான துணிக் கத்தரி (காகிதம் வெட்டியது வேண்டாம்), இன்ச் டேப், மார்க்கிங் சாக், குண்டூசி ஒரு டப்பா, கைத்தையல் ஊசி, பருத்தி நூல், எம்பிராய்டரி நூல் இரண்டு மூன்று கண்டு, இஸ்திரிப் பெட்டி. தையல் மெஷின் இருந்தால் வேலை பாதியாகும். நடு அடுக்குக்குப் பழைய நாலு முழ வேட்டி ஒன்று. பின்பக்கத்துக்குக் காடாத் துணியோ பழைய பருத்திப் பெட்ஷீட்டோ போதும். புதுக் காடா சுருங்கும் என்பதால் முதலிலேயே ஒரு முறை நனைத்துக் காயவைத்துவிடுங்கள். சுருங்குகிற துணியின் மேல் சுருங்காத துணியைத் தைத்தால் முதல் துவைப்பிலேயே எல்லாம் இழுத்துக்கொள்ளும்.

இவற்றோடு ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம். கத்தரியை விட அதுதான் முக்கியம்.

1. துணி வீட்டை விட்டுப் போகாமல் பாருங்கள்

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வீட்டைச் சுத்தம் செய்கிற வேகம் ஒன்று எல்லா வீட்டிலும் வரும். "வச்சிருந்தா நெனப்பு வந்துக்கிட்டே இருக்கும், குடுத்துடு" என்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த நாளில் முடிவெடுப்பது துக்கத்தில் இருப்பவர்கள் அல்ல, கை சும்மா இருப்பவர்கள்.

எல்லோரிடமும் சண்டை போட வேண்டாம். வீட்டில் யார் பேச்சு எடுபடுமோ, பெரியம்மாவோ சித்தியோ, அவரிடம் மட்டும் சொல்லுங்கள்: "ஒரு வருசத்துக்கு எதையும் யாருக்கும் குடுக்க வேண்டாம்." ஒரு பெட்டியில் போட்டு உங்கள் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

இதில் நடக்கிற பெரிய தவறு: பட்டுச் சேலைகளை எல்லோரும் பத்திரப்படுத்துவார்கள், வீட்டில் கட்டிய நூல் சேலைகள் கைப்பிடித் துணியாகப் போய்விடும். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. அம்மா தினமும் கட்டிய நீல வாயில் (மெல்லிய பருத்தித் துணி) சேலை ஒன்று, நான் கேட்பதற்குள் வாசல் துடைக்கப் போயிருந்தது. பட்டை அவர் வருடத்துக்கு இரண்டு முறை கட்டினார். போர்வைக்கு வேண்டியது அடுப்படியில் கட்டியவை.

இன்னொன்று. சுமங்கலியாக இறந்தவர்களுக்குச் சேலை வைத்துப் படைக்கிற வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. அதற்கென்று எடுத்து வைத்த சேலையைத் தொடாதீர்கள். எது அந்தச் சேலை என்று மூத்தவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும்.

எப்போது தொடங்கலாம்? நாள் கணக்கு கிடையாது. நான் சொல்கிற சோதனை இதுதான்: ஒரே ஒரு சேலையை எடுத்து முழுக்க விரியுங்கள், பத்து நிமிடம் அதோடு உட்காருங்கள், திரும்ப மடித்து வையுங்கள். அழுகை வரலாம், அது பரவாயில்லை. மடித்து வைக்க முடிந்தால் தொடங்கலாம். முடியவில்லையா, பெட்டியை மூடிவிட்டு அடுத்த மாதம் பாருங்கள். "தலைத் திவசத்துக்குள் முடித்துவிட வேண்டும்" என்று கெடு மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். கெடு வைத்த மூன்று பேரில் இரண்டு பேர் கடைசி வாரம் ராத்திரி முழுக்க மெஷினை ஓட்டினார்கள். போர்வை வந்தது. அவ்வளவுதான்.

2. ஒன்றைத் துவைக்காமல் எடுத்து வையுங்கள்

சேலைகளைத் துவைப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும், பின்னால் செய்ய வழியில்லை. கடைசியாகக் கட்டி அவிழ்த்த ஒரு ரவிக்கை, துண்டு, தலையணை உறை, எதுவாக இருந்தாலும் சரி. ஈரம் துளியும் இல்லாமல் நிழலில் காற்றாட உலர்த்தி, இறுக மூடும் ஜிப் கவரில் காற்றை அழுத்தி வெளியேற்றி வையுங்கள். ஈரம் இருந்தால் நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் ஒரே மாதத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.

தேங்காய் எண்ணெய், பவுடர், அடுப்புப் புகை எல்லாம் கலந்த அந்த வாசம் திறக்கத் திறக்கக் குறையும். மற்ற எல்லாவற்றையும் துவைத்துவிடுங்கள். துவைக்காத துணியில் தைத்தால் வியர்வைக் கறை பின்னால் மஞ்சளாக மேலே வரும்.

3. விரித்துப் பாருங்கள், எழுதி வையுங்கள்

அவசரப்படக் கூடாத படி இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடத்தில் பாய் விரித்து, ஒரு நேரத்தில் ஒரு சேலை மட்டும் விரியுங்கள். அக்கா, தம்பி, அத்தை என்று யாரெல்லாம் வர முடியுமோ அவர்களைக் கூப்பிடுங்கள். வெளியூரில் இருந்தால் வீடியோ காலில் வரட்டும். இது ஆசைக்காக மட்டும் அல்ல. பின்னால் "என்னைக் கேக்காம அம்மா சேலைய வெட்டிட்டா" என்ற பேச்சு வராமல் இருக்கவும் இதுதான் வழி.

ஒவ்வொரு சேலைக்கும் நோட்டில் ஒரு பக்கம். எங்கே எடுத்தது, யார் எடுத்துக் கொடுத்தது, எப்போதெல்லாம் கட்டினார். எங்கள் வீட்டில் சின்னாளப்பட்டிச் சேலை ஒன்றை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் வாக்குவாதம்.

"இது அந்தப் பொங்கலுக்கு எடுத்ததுதானேக்கா?"

"இல்லடி, உன் காதுகுத்துக்கு மாமா எடுத்தது. நீ கத்துன கத்துல யாரும் சேலையப் பாக்கல."

இரண்டையும் எழுதி வைத்தேன். எது சரி என்று சொல்ல வேண்டியவர் இல்லை.

பேச்சு ஓய்ந்ததும் துணியை உற்றுப் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கையால் தடவி. தோள் படும் இடத்தில் ஊக்கு குத்திய துளைகள் வரிசையாக இருக்கும். இடுப்பில் கை துடைத்துத் துடைத்து நிறம் மங்கியிருக்கும். என் அம்மாவின் மூன்று சேலைகளில் முந்தானையின் ஒரு மூலை மட்டும் கசங்கி, மற்ற இடத்தை விடக் கெட்டியாக இருந்தது. காய்க்காரரிடம் வாங்கிய மீதிச் சில்லறையை முடிந்து வைத்த மூலை. ஒன்றில் முடிச்சின் சுருக்கம் இஸ்திரி போட்டும் போகவில்லை.

இந்த இடங்களைச் சுற்றிச் சாக்கால் வட்டம் போட்டு, நோட்டிலும் குறித்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கறை, தீப்பொறி பட்ட ஓட்டை, அவரே கையால் தைத்த கிழிசல் எல்லாம் இதில் சேர்த்தி. புதிதாகத் தைப்பவர்கள் "நல்ல இடமா" பார்த்து வெட்டி, இவற்றைக் குப்பையில் போடுகிறார்கள். கடையில் வாங்க முடியாத துண்டுகள் இவைதான்.

4. எந்தத் துணி எவ்வளவு தாங்கும்

பருத்தி, பட்டு, நைலக்ஸ் போன்ற செயற்கைத் துணி எல்லாவற்றையும் ஒரே போர்வையில் சேர்க்கலாம். ஆனால் எது எது என்று தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இஸ்திரியில் மாட்டிக்கொள்வீர்கள். சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து நாலு இழை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசத்தோடு சாம்பலாகும். பட்டு, முடி பொசுங்குகிற வாசம் தரும். நைலக்ஸ், பாலியெஸ்டர் போன்றவை உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். உருகுகிற துணிக்கு இஸ்திரிச் சூடு குறைவாகவும், மேலே ஒரு பருத்தித் துணியும் வேண்டும்.

சாயம் போகிறதா என்று பாருங்கள். வெள்ளைத் துணியை நனைத்துச் சேலையின் மேல் அழுத்தித் தேயுங்கள். சுங்குடியிலும் அடர்ந்த சிவப்பிலும் அடிக்கடி நிறம் இறங்கும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நின்றுவிடும் என்று சொல்வார்கள். அதை நம்பி வெள்ளைச் சேலைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தனியாக இரண்டு மூன்று முறை அலசி, மறுபடி தேய்த்துப் பார்த்து, இன்னும் இறங்கினால் அடர் நிறங்களுக்கு நடுவில் இடம் கொடுங்கள்.

கடைசியாகப் பலம். இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து மெதுவாக இழுங்கள். பல வருடம் ஒரே மடிப்பில் இருந்த பட்டு, மடிப்புக் கோட்டிலேயே விடும். அந்தக் கோடு வராத இடமாகப் பார்க்க வேண்டியதுதான்.

5. கணக்குப் போடுங்கள்

"அம்மா சேலையை எப்படி வெட்டுவது" என்று கை நடுங்குகிறவர்களை உட்காரவைத்து நான் முதலில் காட்டுவது இந்தக் கணக்கைத்தான்.

ஒரு கட்டம் வெட்டும்போது 7 இன்ச். நாலு பக்கமும் தையலுக்கு அரை அரை இன்ச் போக, தைத்த பின் 6 இன்ச். அகலத்துக்கு 7 கட்டம், நீளத்துக்கு 9 கட்டம், மொத்தம் 63. போர்வை 42க்கு 54 இன்ச் வரும். மடியில் போட்டுக்கொள்ளவும், சோபாவில் விரிக்கவும் போதும். முதல் முயற்சிக்கு இதை விடப் பெரிதாகப் போகாதீர்கள். இரட்டைக் கட்டில் அளவில் தொடங்கிய இருவரின் துணி இன்னும் பையில்தான் இருக்கிறது.

சேலையின் அகலம் சுமார் 45 இன்ச். குறுக்கே 6 கட்டம் வரும். ஒன்பது சேலை என்றால் சேலைக்கு 7 கட்டம், அதாவது இரண்டு வரிசை, 14 இன்ச். ஐந்தரை மீட்டர் சேலையின் நீளம் 216 இன்ச். கட்டும்போது உள்ளே செருகுகிற முனையிலிருந்து 14 இன்ச் எடுத்தால் மீதி ஐந்து மீட்டருக்கு மேல் அப்படியே இருக்கும், முந்தானையோடு. ஓரம் மடித்துத் தைத்தால் அக்காவோ மகளோ கட்டிக்கொள்ளலாம்.

சேலை அழியப் போவதில்லை என்று தெரிந்ததும் பல வீடுகளில் சண்டை அங்கேயே முடிந்துவிடுகிறது.

மூன்றாவது படியில் வட்டம் போட்ட இடங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அவை சேலையின் நடுவிலோ முந்தானையிலோ இருக்கும். அதை வெட்டினால் சேலை போகும். எந்த ஒன்றிரண்டு சேலைகளை அப்படிக் கொடுக்கலாம் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். ஏற்கனவே கிழிந்தவையாக இருந்தால் நல்லது.

6. இப்போது வெட்டலாம்

முதலில் ஃபால்ஸ் பிரியுங்கள். அது உள்முனைப் பக்கத்தில்தான் இருக்கும். அதோடு வெட்டினால் கட்டம் கோணும்.

நைந்த நூல் சேலைக்குப் பின்னால் பலம் கொடுக்க, தையல் சாமான் கடையில் இஸ்திரி போட்டால் ஒட்டும் கேன்வாஸ் கேளுங்கள், இருப்பதிலேயே மெல்லியதாக. வரிசை முக்கியம்: முதலில் கேன்வாஸை ஒட்டி, அப்புறம்தான் கட்டம் வெட்ட வேண்டும். முதலில் வெட்டி அப்புறம் ஒட்டினால், வழுக்குகிற துணி இஸ்திரியில் நகர்ந்து சதுரம் சாய்சதுரமாகிவிடும். ஜரிகை உள்ள இடத்துக்கும் நைலக்ஸுக்கும் அந்தச் சூடு ஆகாது. அவற்றுக்கு மல் துணியை (மெல்லிய பருத்தி) அடியில் வைத்து ஓரம் முழுக்கக் கையால் தைத்துவிடுங்கள்.

7 இன்ச் சதுர அளவுக்குக் கெட்டியான அட்டை ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். டேப்பால் ஒவ்வொன்றாக அளந்தால் ஒவ்வொன்றும் ஒரு அளவில் வரும். பழைய எக்ஸ்ரே ஃபிலிம் இதற்கு அருமையாக இருக்கும். அம்மாவுடைய எக்ஸ்ரே வேண்டாம்.

முதல் வெட்டு, மனதுக்கு அதிகம் ஒட்டாத சேலையில் இருக்கட்டும். நான் அவருக்கு மிகப் பிடித்த சுங்குடியில் தொடங்கினேன், ராத்திரி பதினொரு மணிக்கு, தனியாக. கை பதறி முதல் துண்டே கோணல். பகலில், இன்னொருவர் பக்கத்தில் இருக்கும்போது வெட்டுங்கள்.

வெட்டிய ஒவ்வொரு கட்டத்திலும் சேலை எண்ணைச் சீட்டில் எழுதிக் குத்திவையுங்கள். ஒரே மாதிரி இரண்டு பச்சைகள் இருந்தால் நாளைக்கு எது எதென்று தெரியாது.

7. தரையில் அடுக்குங்கள்

ஃபேனை நிறுத்திவிட்டு 63 கட்டங்களையும் தரையில் அடுக்கிப் போனில் ஒரு படம் எடுங்கள். அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அடர் நிறமெல்லாம் ஒரு மூலையில் குவிந்திருந்தால் அதில் பளிச்சென்று தெரிந்துவிடும். சில்லறை முடிந்த மூலை, தைத்த கிழிசல் போன்றவற்றை ஓரத்தில் வைக்காதீர்கள். கை அடிக்கடி போகிற இடம் நடுவும் மடி மேல் விழுகிற பக்கமும்தான்.

இரண்டு நாள் விட்டுவிட்டுத் திரும்பப் பாருங்கள். திருப்தியானால் சீட்டில் வரிசை எண், இட எண் எழுதி அடுக்குங்கள்.

8. இணையுங்கள்

ஒரு வரிசையின் 7 கட்டங்களை முதலில் சேர்த்து, இப்படி 9 வரிசைகளையும் முடித்து, அப்புறம் வரிசைகளை ஒன்றோடொன்று சேருங்கள். மெஷினில் 11ஆம் நம்பர் ஊசி போதும். தடித்த ஊசி நைந்த துணியில் துளை விடும்.

முதல் வரிசையின் தையல் ஓரங்களை எல்லாம் வலப்பக்கம் மடித்து இஸ்திரி போட்டால், அடுத்த வரிசையின் ஓரங்களை இடப்பக்கம் மடியுங்கள். வரிசைகளைச் சேர்க்கும்போது மூலைகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்திக்கொள்ளும், மேடு தட்டாது.

கடையில் கொடுத்துத் தைப்பதானால் இந்த ஒரு படியை மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு வரிசையையும் தனிப் பையில், எண்ணோடு. நான் முதலில் கட்டாகக் கட்டிக் கொண்டுபோய் ஒருவரிடம் கொடுத்தேன். அம்மா கையால் தைத்த கிழிசலைப் பழுது என்று நினைத்து, அவர் அதை வெட்டி எறிந்துவிட்டுப் பக்கத்துத் துணியால் சரிசெய்து கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. நான்தான் சொல்லவில்லை.

9. மூன்று அடுக்கு, கையால் ஓட்டுத் தையல்

பின்துணியைத் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, ஓரங்களை டேப் போட்டு ஒட்டுங்கள். அதன் மேல் வேட்டி, அதன் மேல் கட்டங்கள். அடி இரண்டும் மேலதை விட நாலா பக்கமும் இரண்டு இன்ச் பெரிதாக இருக்கட்டும். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பெரிய பெரிய கச்சாத் தையல் (பின்னால் பிரித்துவிடுகிற தற்காலிகத் தையல்) போடுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் துணி நடுவில் குமிழியாக எழும்பி நிற்கும்.

அப்புறம் எம்பிராய்டரி நூலில் இரண்டு இழை எடுத்து, கட்டத்தின் கோட்டிலிருந்து கால் இன்ச் உள்ளே ஓட்டுத் தையல் (ரன்னிங் ஸ்டிச்). நூல் முழங்கை நீளத்துக்கு மேல் வேண்டாம். நீளமானால் சிக்கும், சிக்கெடுக்கிற பொறுமை அந்த நேரத்தில் இருக்காது. முடிச்சை மெல்லச் சுண்டி உள் அடுக்குக்குள் இழுத்துவிடுங்கள்.

இதை மட்டும் மெஷினில் செய்யாதீர்கள் என்பது என் பிடிவாதம். மெஷினில் மூன்று மணி நேரம், கையில் இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்துக்காகத்தான் மற்ற ஒன்பது படிகளும். ஒரு உட்காருதலுக்கு இரண்டு கட்டம், அதற்கு மேல் வேண்டாம். எந்தச் சேலையின் கட்டத்தில் கை இருக்கிறதோ அதன் பக்கத்தை நோட்டில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பேச ஆள் இருந்தால் பேசுங்கள். ஒரு தம்பி, அவன் அம்மாவின் கட்டங்களைத் தைக்கும்போது சாம்பார்ப் பொடி அளவெல்லாம் அத்தையிடம் கேட்டு ஓரத்தில் எழுதிக்கொண்டான். தையல் கோணல்மாணல். யாருக்கும் அது கண்ணில் படவில்லை.

சில கட்டங்களில் கை நின்றுவிடும். ஆஸ்பத்திரிக்குக் கட்டிப் போன சேலை மாதிரி. அதைத் தாண்டி அடுத்ததற்குப் போங்கள், கடைசியில் திரும்பி வரலாம்.

நிறுத்த வேண்டிய நேரம்

பல வாரங்களாகத் தூக்கமும் சாப்பாடும் இல்லை, வேலைக்குப் போக முடியவில்லை, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். போர்வை அதற்கு மருந்தல்ல. இந்தியாவில் டெலி மானஸ் 14416 என்ற அரசு எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசுகிறார்கள். இலங்கையில் 1926.

10. ஓரம் கட்டி, பெயர் தையுங்கள்

மூன்று அடுக்கையும் ஓரத்தில் நேராக வெட்டிச் சமப்படுத்தி, இரண்டரை இன்ச் அகலப் பட்டியை மடித்து ஓரம் கட்டுங்கள். சுற்றளவு 200 இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு. கிழிந்த நூல் சேலை ஒன்றின் கரையை நீளவாக்கில் வெட்டினால், ஒட்டுப் போடாமல் ஒரே பட்டியில் முழுச் சுற்றும் முடிந்துவிடும். ஜரிகைக் கரை வேண்டாம், மூலையில் மடங்காது, கழுத்தில் குத்தும்.

பின்பக்க மூலையில் அவர் பெயரும் வருடமும் நூலால் தையுங்கள். பேனாவில் எழுதினால் துவைக்கத் துவைக்க மறையும். எந்தக் கட்டம் எந்தச் சேலை என்ற வரைபடத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்து, படமெடுத்து வீட்டில் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

துவைப்பது கையால், குளிர்ந்த தண்ணீரில், நிழலில். ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் அதன் எடையே தையலை இழுக்கும். கட்டிலில் விரித்துக் காயவையுங்கள். மடிக்கும்போது ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் மடியுங்கள்.

மீந்த சேலைகளின் வெட்டிய முனையை மடித்துத் தைத்துவிட மறக்காதீர்கள், நூல் பிரிந்துகொண்டே போகும். போன தீபாவளிக்கு அக்கா அந்தச் சின்னாளப்பட்டியைக் கட்டிக்கொண்டு வந்தாள். 14 இன்ச் குறைந்திருப்பது யாருக்கும் தெரியவில்லை. கொசுவத்தில் ஒரு மடிப்புக் குறைவு, அவ்வளவுதான்.